கேட்டை மூடிய கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில், என் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் மீன் கடைக்குப் போனேன். ஏசி போட்ட கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வஞ்சிரம் படுத்திருந்தது. கையுறை போட்ட ஒரு பெண் சின்னக் கரண்டியால் ஐஸ் துகளை அள்ளி, குழந்தைக்குப் பவுடர் போடுவதைப்போல அதன்மேல் தூவிக்கொண்டிருந்தாள். ஐஸுக்கு வாசனை உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்டு. மரத்தூளும் ஈரச் சாக்கும் மீன் கவுச்சியும் கலந்த ஒரு வாசனை. அந்தக் கடை ஐஸில் அது இல்லை. இல்லாததாலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். வீட்டில் கேட்டதற்கு, மீன் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

அந்த வாசனை என் சிநேகிதி ரேவதியின் மேல் எப்போதும் இருக்கும். இருவரும் ஒரே தையல் கம்பெனியில் வேலை பார்த்தோம். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற இடம். நான் மெஷினில், அவள் செக்கிங் டேபிளில். அவள் அம்மா தேசம்மாக்கா மீன் விற்பவர். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கம்பெனியில் சில பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் ரேவதியிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அவள் விடமாட்டாள். “மீன் நாத்தம் எனக்கு சோறு போடுது. உன் சென்ட்டு உனக்கு இன்னாமே போடுது?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் டப்பாவிலிருந்தே அப்பளத்தை எடுத்துக் கடிப்பாள்.

கம்பெனிக்குப் போகக் கேட்டைத் தாண்ட வேண்டும். காலடிப்பேட்டைக்கு மேற்கே போகிற ரயில் பாதையில் இருந்தது அந்த லெவல் கிராசிங். அதற்கு ஒரு நம்பர் உண்டு. நாங்கள் யாரும் அந்த நம்பரைச் சொன்னதில்லை. கேட்டு என்றால் கேட்டுதான். கிழக்கே கடலும் குப்பமும் அப்போது நாங்கள் இருந்த தெருவும். மேற்கே கம்பெனிகள், மார்க்கெட், அப்புறம் வரிசையாக எழும்பிவிட்ட அடுக்குமாடி வீடுகள். எண்ணூர்ப் பக்கம் போகும் கூட்ஸ் வண்டிகள் எங்கள் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே நீளமாகச் செய்யப்பட்டவை. கேட்டு மூடியிருக்கும் நேரத்தில் அங்கே ஒரு சின்னத் திருவிழாவே நடக்கும். வேர்க்கடலை விற்பார்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள் சண்டை போடுவார்கள், முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் கல்யாணமே செய்துகொண்டிருக்கிறார்கள்.

பொறுமை இல்லாதவர்கள் குனிந்து நுழைவார்கள். நானும் நுழைந்தவள்தான். ஒரு தடவை துப்பட்டா கேட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டு பாதி அங்கேயே நின்றுவிட்டது. மீதிப் பாதியோடு வேலைக்குப் போனேன். தையல் கம்பெனிக்குக் கிழிசலோடு வந்த ஒரே ஆள் என்று சூப்பர்வைசர் அந்த மாதம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீனுக்கு நல்ல நாள், ரேவதிக்கு லீவு. மேற்கு மார்க்கெட்டில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தாள். வெயில் ஏற ஏற ஐஸ் கரைந்துவிட்டது. சங்கராவும் இறாலும் முகம் சுளிக்க ஆரம்பித்தன. தேசம்மாக்கா அவளைக் கிழக்குப் பக்கம் ஐஸ் பேக்டரிக்கு அனுப்பினார். “ஓடிப்போய் ஓடியா, மீனு பூடும்” என்று சொல்லி அனுப்பினார். அவள் சாக்கில் ஐஸைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது கேட்டு மூடியிருந்தது. ஒரு வண்டி போனது. கேட்டு திறக்கவில்லை. சாக்கிலிருந்து தண்ணீர் முதுகில் வழிகிறது. எல்லோரும் நுழைகிறார்கள். அவளும் நுழைந்தாள். எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வந்தது.

தெருவில் சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது அவளைத் துணியால் மூடிவிட்டிருந்தார்கள். சாக்கு கிழிந்து, ஜல்லிக் கல்லுக்கு நடுவே ஐஸ் சிதறிக் கிடந்தது. வெயிலில் பளபளவென்று இருந்தது. பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

கேட்டை மூட வேண்டும் என்று மேற்கே இருந்த அடுக்குமாடிக்காரர்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடைக்காரிகளின் மீன் தண்ணீர் தெருவில் சொட்டுகிறது, மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள் கார்களுக்கு வழிவிடுவதில்லை என்பதெல்லாம்தான் காரணம். அதை வெளியில் சொல்ல அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சப்படத் தேவையில்லாத ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஒரே வாரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய பேனர் எழுந்தது. “இன்னும் எத்தனை ரேவதிகள்?” என்று எழுதி, கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் இருந்த அவள் படத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள். தேசம்மாக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தினமும் கூடையோடு அதன் கீழேதான் போய் வர வேண்டும். ஒரு நாள் காற்றில் பேனரின் ஒரு மூலை அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மகளின் முகம் மடிந்து மடிந்து விரிந்தது. தேசம்மாக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். நான் பார்த்தேன்.

மூடலாமா வேண்டாமா என்று ரயில்வே அதிகாரிகள் மக்களிடம் கேட்கப்போகிறார்கள், கல்யாண மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய சாயங்காலம், ரேவதியின் கத்தரிக்கோலையும் டிபன் பாக்ஸையும் கம்பெனியிலிருந்து வாங்கிக்கொண்டு தேசம்மாக்கா வீட்டுக்குப் போனேன். மூர்த்தி அங்கே இருந்தார். தேசம்மாக்காவின் புருஷனுக்குத் தம்பி. மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். கேட்டு மூடினால் அந்த வண்டியை ரொம்பத் தூரம் சுற்றி மேம்பாலத்தில் ஏற்ற வேண்டும்.

“அண்ணி, நாளைக்கு உன்னத்தான் கேப்பானுங்க. பொண்ணு போன்ல பேசிகினே போச்சு, வண்டிய பாக்கல, கேட்டு மேல தப்பு இல்லன்னு சொல்லிடு.”

“அவ கையில ஏதுடா போனு? ஐஸு இருந்துச்சு.”

“ஐஸுன்னு சொன்னா இன்னா ஆவும்? இந்தக் கேட்டு இருந்தா ஜனம் பூந்து பூந்து சாவும்னு ஆவும். போன்னு சொன்னா அவ ஒருத்தி தப்போட பூடும். செத்தவளுக்கு இன்னா போவப்போவுது அண்ணி? மூடிட்டானுங்கன்னா குப்பமே வாயில மண்ணு.”

ரேவதியிடம் போன் கிடையாது என்பது கம்பெனிக்கே தெரியும் என்று நான் சொன்னேன். அவளுக்கு ஏதாவது அவசரமென்றால் எங்கள் பக்கத்து வீட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். மூர்த்தி என்னைப் பார்க்காமலே, “நீ கம்முனு இரு” என்றார். தேசம்மாக்கா என்னைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். டிபன் பாக்ஸ் அவர் கையிலேயே இருந்தது.

“நீ அங்க வாயத் தொறக்காத கண்ணு. அவ பூட்டா. சின்னவ கீறா. அவளுக்கு நான் சோறு போடணும்ல.”

சின்னவள் என்றது ரேவதியின் தங்கை சுமதியை. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்து மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளைக்கூடப் பிய்க்கவில்லை. மாப்பிள்ளை பெண் பெயருக்குக் கீழே அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் அடுக்குமாடிக்காரர்கள். குப்பத்து ஜனங்கள் பின்னால் நின்றார்கள். அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இறந்த பெண்ணின் தாயார் பேசட்டும் என்றார். மூர்த்தி மைக்கை வாங்கி தேசம்மாக்காவின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“எம் பொண்ணு போன்ல பேசிகினு போச்சு சார். கேட்டு மேல தப்பு இல்ல. எம் பொண்ணு மேலதான்.”

முன்வரிசையில் ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினார். யாரோ, “யார்கூடப் பேசிட்டிருந்தாளாம்?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. அதிகாரி அதையே கொஞ்சம் மரியாதையாகத் திருப்பிக் கேட்டார்.

தேசம்மாக்கா மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு வரவில்லை.

“தெரியாது சார்” என்றார் தேசம்மாக்கா.

சிரித்தார்கள். முன்னால் இருந்தவர்கள் மட்டும் என்று சொல்ல ஆசைதான். பின்னாலும் சிரித்தார்கள்.

அடுக்குமாடி நலச்சங்கத்தின் செயலாளர் எழுந்தார். மாதவன் என்று பெயர், மெதுவாகப் பேசுகிறவர். அந்தப் பேனரை வைத்தவரும் அவர்தான். “பெத்த தாயே சொல்லிட்டாங்க சார். போன்ல பேசிட்டே தண்டவாளத்துல நடக்குற ஜனங்க. நீங்க எத்தனை காவலாளி போட்டாலும் இவங்களைக் காப்பாத்த முடியுமா? மூடுறதுதான் இவங்களுக்கே நல்லது” என்றார். அதிகாரி தலையாட்டினார். வேறு யார் என்ன பேசினாலும் அந்தத் தலையாட்டல் மாறவில்லை. திரும்பும்போது தேசம்மாக்காவோடு ஒருவரும் சேர்ந்து நடக்கவில்லை. மூர்த்திகூட வண்டியை மிதித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான்தான் கூட நடந்தேன். வழியில் அவர் ஒரு தடவைதான் பேசினார். “அந்தப் பேனர அவுத்துடுவாங்களா கண்ணு?” என்று கேட்டார். அவிழ்த்தார்கள். காரியம் முடிந்துவிட்டதல்லவா.

கேட்டு இருந்த இடத்தில் கான்கிரீட் பலகைகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மீன் கூடையோடு சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் மேற்கே வேறு யாராவது விற்றுவிட்டிருப்பார்கள். தேசம்மாக்கா காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போனார். ஐஸ் தண்ணீரிலேயே கை ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. அதைவிடக் கொடுமை ஒன்று அவர் தெருவிலேயே நடந்தது. குழாயடியில் ஏதோ வாய்த் தகராறு. மூர்த்தி எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து, “உம் பொண்ணு ஒயுங்கா இருந்திருந்தா கேட்டு இருந்திருக்கும். எவன்கூடவோ பேசிகினு போயி ஊருக்கே சொவுரு வெச்சிட்டா” என்றார். அவர் கோபத்தில் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார். தேசம்மாக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு போனார். திருப்பி எதைச் சொல்வார்? மைக்கில் சொன்னது அவர் குரல்.

சுமதிக்குக் கடலோரக் குப்பங்களிலிருந்து வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பின. அக்காவைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வந்தவர்கள் திரும்பினார்கள். கடைசியில் புளியந்தோப்பில், பெண்டாட்டியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சுமதியைவிட வயது ரொம்ப அதிகம். தாலி கட்டும்போது தேசம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெடித்த விரல்கள் உப்புக் காகிதம்போல உராய்ந்தன. சில வருஷம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். மூர்த்தியும் இப்போது இல்லை.

போன மாதம் பழைய தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். கேட்டுக்காரரின் கேபின் இல்லை, மணிச் சத்தம் இல்லை, கடலைக்காரர் இல்லை. மார்க்கெட் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். சுவருக்கு அடியில் வெட்டிய சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், நான் சுவரையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் தானாகவே சொன்னாள்.

“இங்க ஒரு பொண்ணு லவ்வரோட போன்ல பேசிகினே ரயில்ல மாட்டிகிச்சாம்க்கா. அதனாலதான் மூடிட்டாங்களாம்.”

“அவகிட்ட போனே இல்லம்மா. எனக்குத் தெரியும்.”

என்னை இரக்கமாகப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாதுக்கா. அவங்க அம்மாவே கூட்டத்துல சொன்னாங்களாம்.”

பழைய ஆட்கள் யாரையாவது சொல்லச் சொல்லலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். ரேவதியைத் தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.