தாய்மாமன் சீரும் பதினைந்து கிலோவும்

காலை 6.30, எருமப்பட்டி. நாற்பத்தாறு வயதில் முதல் விமானப் பயணம் என்றால் தூக்கம் எங்கிருந்து வரும்? விடிவதற்குள் குளித்து, புடவை கட்டி, வாசலில் நின்றுவிட்டேன். மறுநாள் ஐதராபாத்தில் என் நாத்தனார் ரேவதியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன், என் வீட்டுக்காரர். கோழித்தீவனம் ஏற்றும் லாரி இரண்டு வைத்திருக்கிறார். மாமன் சீர் ஏழு தட்டு; ஒன்று குறைந்தாலும் மாமியார் வீட்டில் ரேவதிக்குத் தலை நிமிராது.

டிக்கெட் 1,999 ரூபாய் என்று போனில் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். பணம் கட்டி முடிப்பதற்குள் அது வளர்ந்துவிட்டது. ஆளுக்கு 350 வசதிக் கட்டணம். யாருடைய வசதி என்று போடவில்லை. ஜன்னல் இருக்கை 349, பக்கத்து இருக்கை 199.

“பஸ்ஸுல ஜன்னலுக்குக் காசு வாங்கறாங்களா?” என்றார் அவர்.

“பஸ்ஸு மேட்டூர் டேமுக்கு மேல போகுதுங்களா?” என்றேன். ஜன்னல் எனக்கே வந்தது.

மூட்டை முடிச்சு ஆளுக்குப் பதினைந்து கிலோ இலவசம். என் வீட்டுக்காரருக்கு எடை என்றால் சரக்கின் எடைதான். காலி லாரியை எடை மேடையில் ஏற்றி, பிறகு சரக்கோடு ஏற்றி, காலி எடையைக் கழித்தே பழகியவர். பித்தளைத் தட்டுகள், குத்துவிளக்கு, பட்டுப் பாவாடை, தேங்காய், ஜேடர்பாளையத்து வெல்லம் எல்லாவற்றையும் தீவனத் தராசில் நிறுத்து, சரியாக முப்பது கிலோவாக்கி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாங்கிய இரண்டு புதுப் பெட்டிகளில் பாதிப் பாதியாக அடுக்கினார். பெட்டி ஒன்று 2,400 ரூபாய்.

காலை 9.50, சேலம் விமான நிலையம். எண்பது கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டி வந்த எங்கள் டிரைவர் மணி வாசலில் இறக்கிவிட்டான். பெட்டியைத் தராசில் வைத்ததும் கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒவ்வொண்ணும் பத்தொன்பது கிலோ சார். மொத்தம் எட்டு கிலோ அதிகம். கிலோவுக்கு 550. நாலாயிரத்து நானூறு ரூபாய் கட்டணும்.”

“காலி எடையக் கழிக்கோணும் கண்ணு. பொட்டியே நாலு கிலோ.”

“பெட்டியோட சேர்த்துத்தான் சார் எடை.”

“கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடு கண்ணு.”

“சிஸ்டம் விடாது சார். கவுண்டர் மூட இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு.”

லாரி வாடகையில் பேரம் பேசியே பழகியவருக்கு முகம் செத்துவிட்டது. ஏறக்குறைய இன்னும் இரண்டு டிக்கெட்டின் காசு! “ரெண்டு தட்ட எடுத்துருலாங்களா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அஞ்சு தட்டு வெச்சா ரேவதி எப்படி நிப்பா மல்லிகா?” என்றார். எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெட்டிகளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது.

“ஏனுங்க, லாரிக்காரரு நீங்க. லாரியத்தான கழிக்கோணும்? இங்க லாரி இந்தப் பொட்டிதான், கழிச்சுருங்க!”

தராசிலிருந்து பெட்டிகளை இறக்கினார். அப்புறம் போனை எடுத்தார். “மணி, டிக்கியில புதுத் தீவனச் சாக்கு கெடக்குதல்ல? ரெண்டும், கயிறும் எடுத்துட்டு வாசலுக்கு ஓடியா!”

காவலர் சாக்கை உதறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். பாவாடையில் சுற்றிய விளக்கு, துண்டுகளுக்கு நடுவில் தட்டு. லாரியில் தார்ப்பாய் இறுக்குகிற அதே முடிச்சைப் போட்டு, காலை ஊன்றி இழுத்துக் கட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூட்டைகள் ஒவ்வொன்றும் 15.1 கிலோ. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். சேதமானால் பொறுப்பில்லை என்று ஒரு சீட்டில் கையெழுத்து மட்டும் வாங்கினாள். காலிப் பெட்டிகள் மணியோடு எருமப்பட்டிக்கே திரும்பின.

முற்பகல் 11.20. சக்கரம் தரையை விட்டதும் “அய்யோ!” என்று கத்திவிட்டேன். முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். கீழே மேட்டூர் அணை, வெயிலில் பளபளவென்று! 349 ரூபாய் அந்த ஒரு நிமிடத்திலேயே வசூலாகிவிட்டது. டீ 150 என்றார்கள். அந்தக் காசுக்கு நாமக்கல் பேருந்து நிலையத்தில் பத்துப் பேர் குடிக்கலாம். வேண்டாமென்று மேகத்தைப் பார்த்தேன், அது இலவசம்.

பிற்பகல் 1.15, ஐதராபாத். பளபளக்கும் பெட்டிகளுக்கு நடுவே, முட்டைக்கோழி படம் போட்ட எங்கள் இரண்டு சாக்குகளும் அசைந்து அசைந்து வந்தன. எனக்குச் சிரிப்பு. அவருக்குக் கூச்சம். வெளியே ரேவதியோடு அவள் மாமியாரும் வந்திருந்தார், லாரிக்காரர்கள் நிறைந்த சங்ககிரிப் பக்கத்துக்காரர்.

மாமியார் சாக்கையே பார்த்தார். ரேவதியும் பார்த்தாள். கோழிப் படத்தை முந்தானையால் மறைக்கப் பார்த்தேன்.

“பொட்டின்னா பாதி காத்துத்தான் இருக்கும்,” என்றார் மாமியார். “மூட்டைன்னா முழுசும் சீருங்க. ஒரு கை புடி ரேவதி, தூக்கலாம்.”

ரேவதி தூக்கவில்லை. முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். “இது எங்கண்ணன் போட்ட கட்டுங்க, அத்தை,” என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் ஏழு தட்டும் நிறைந்து, மாமன் மடியில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். கிளம்பும்போது, தீவனம் இறக்கினால் காலிச் சாக்கை எண்ணி வாங்கும் வழக்கத்தில், அவர் சாக்கைத் திருப்பிக் கேட்டார்.

“அத மட்டும் கேக்காதீங்கண்ணா, தரமாட்டேன்,” என்றாள் ரேவதி.

சாக்குக் கணக்கில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், இரண்டையும் விட்டுவிட்டுப் போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார்.