கோடு ஏறினால் பிடித்திருக்கிறதா?

விளம்பரப் படம் பார்ப்பவர் வாயால் சொல்வதையும், மூளையின் துடிப்பை அளந்து கணினியில் கோடாக வரையும், அவர் நெற்றியில் கட்டிய பட்டை காட்டுவதையும் ஒப்பிட்டு, படம் தேறுமா என்று சொல்வது என் தொழில். வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டு, "நல்லாருக்கு" என்ற ஒரே பதிலோடு நின்றவர்களுக்கு என் பாடு புரியும். பெங்களூரில் பழகிய வேலை. ஊர் திரும்பியபின் திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் செய்கிறேன்.

தீபாவளிக்கு முன் ஒருநாள், அகரத்தில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் மெர்சி இரண்டு படங்களோடு வந்தார். ஒன்றில் அவரே பேசுகிறார். மற்றதில் சென்னையிலிருந்து அழைத்த மாடல். கடைகளுக்குப் பொடி போடும் கொழுந்தன் ஆரோக்கியத்துக்கு மாடல்தான் வேண்டும். உள்ளூர் கேபிளில் ஒரு படம்தான் ஓடும். தன் பொடிக்குத் தன் முகம் இருக்குமா என்பது மெர்சியின் கவலை.

பூவும் பட்டையும்

படம் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டிருந்தோம். முதலில் உட்கார்ந்தவர் பூ விற்கும் பாண்டியம்மா. பட்டை தோலில் ஒட்டினால்தான் வேலை செய்யும். அவர் நெற்றியைத் துடைக்கத் துடைக்க எண்ணெய் இறங்கியது. பின்பக்கமோ பட்டை மல்லிகைச் சரத்தில் வழுக்கியது. பூவை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"மூளைய எம்புட்டு வேணாலும் பாத்துக்கப்பு. பூவுல கை வைக்காத."

முழு மார்க்

இரண்டு படமும் பார்த்தபின் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். இதற்கும் பத்து, அதற்கும் பத்து. அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே. ஒரு குறைகூடவா இல்லை என்று பாண்டியம்மாவிடம் கெஞ்சினேன்.

"டீயும் போண்டாவும் குடுத்துட்டுக் குறை சொல்லுன்னா, வாய் எப்பிடிப்பு வரும்?"

எகிறிய இடம்

மாடல் படத்தில் எல்லோருடைய கோடும் ஒரே இடத்தில் எகிறியிருந்தது. "பாத்தீங்களா மதினி, மாடல்னா மாடல்தான்!" என்று ஆரோக்கியம் துள்ளினார். மனசு பரபரத்தது என்றுதான் கோடு காட்டும். பிடித்ததா, பதறியதா என்று காட்டாது என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

எல்லோருக்கும் அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் காட்டினேன். மாடல் குழம்பைக் கிண்டியபடி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னால் அடுத்த அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. பாண்டியம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார்.

"ஏத்தா, அடுப்ப அணைடி! பாலையே பாக்காதவ மசாலாவ எங்க பாக்கப் போறா?"

கொழுந்தன் நெற்றி

ஆரோக்கியம் அசரவில்லை. மெர்சி படத்தில் எல்லோருடைய கோடும் படுத்தே கிடந்தது, அது உண்மைதான். "பாலோ கீலோ, கோடு ஏறினாத்தான் சார் படம். மதினி பேசினா எனக்கே ஏறாது, பாருங்க" என்று பட்டையைத் தானே கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பொடிய அரைக்கிறது நான்தான்" என்று படத்தில் மெர்சி சொன்னதும் கோடு கிடுகிடுவென்று ஏறியது. கடைசிவரை இறங்கவில்லை. கோபமா, கூச்சமா, யார் கண்டது? அதைச் சொல்ல வாயெடுத்தேன். மெர்சி கொழுந்தனைப் பார்த்து முந்திக்கொண்டார்.

"ஏறிருச்சு தம்பி. கேபிள்காரருக்குப் போனப் போடுங்க."

இப்போது கேபிளில் வருவது மெர்சியின் முகம்தான். எது நல்ல படம் என்பது அவர்கள் குடும்பத்துக்குள் முடிவானதே தவிர, என் கருவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.