ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்றியவர்

குறைந்த நீரில் வளரும் உள்ளூர்ச் செடிகளை வைத்து வீட்டுத் தோட்டம் அமைப்பது அவர் தொழில். தெருவில் அவருக்குப் பெயர் தண்ணிப் போலீஸ். செடிகளை முழுதாக நம்புவார். அவற்றின் சொந்தக்காரர்களை இம்மியும் நம்பமாட்டார்.

அதே தெருவில் ஒரு டீச்சர் வீட்டில் அவர் நட்ட ஆவாரை இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. அது பிழைத்தால்தான் தன் தோட்ட வேலையைத் தருவேன் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். போலீஸ் குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டார். ஒரே ஈரம்.

"டீச்சர், யாரோ திருட்டுத்தனமா தண்ணி ஊத்துறாங்க."

"நான் ஒரு சொட்டு ஊத்தலைங்க."

"அப்போ உங்க வீட்டு சார்?"

"தனக்கே தண்ணி மோந்து குடிக்காத மனுஷன், செடிக்கா ஊத்தப் போறார்?"

போலீஸின் பார்வை மதிலைத் தாண்டியது. "பக்கத்து வீட்டு ஹோஸ் மேலதான் எனக்குச் சந்தேகம்."

"ஏங்க, தண்ணி மண்ணுல சரியா இறங்குதான்னு பாக்கணும்னு வாராவாரம் வந்து வேர்கிட்ட ஒரு வாளி ஊத்துறது யாரு?"

போலீஸ் ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஆவாரை பிழைத்தது, எதிர்வீட்டு வேலையும் கிடைத்தது. இப்போதும் வாராவாரம் வருகிறார். அவர் கையில் வாளி இல்லை என்று பார்த்த பிறகே டீச்சர் கேட்டைத் திறக்கிறார்.