நடுங்கும் கையில் பிரெஞ்சுக் கிறிஸ்டல்

ஏலக் கடையில் அவருக்கு ‘டிங்’ என்று பெயர். எந்தக் கோப்பையைக் கண்டாலும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பிரான்சில் செய்த பழைய கிறிஸ்டல் கோப்பைகள் என்றால் அவர் போட்ட மதிப்புக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. ஒன்றைக்கூடக் கை தவறவிட்டவர் இல்லை.

அந்தக் கைதான் ஒரு நாள் காலை சட்டைப் பொத்தானைப் போடும்போது சொன்னபடி கேட்கவில்லை. வலது கட்டைவிரல் தானாக ஆடியது. அப்பாவுக்கும் ஒரே ஒரு விரலில்தான் ஆரம்பித்தது. கடைசியில் தண்ணீரைக்கூட அக்காதான் வாயில் வைத்துக் கொடுக்கவேண்டியிருந்தது. மனைவியிடம் மூச்சுவிடாமல் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு மதிப்புப் போடவேண்டிய வீட்டில், கணவரை இழந்த ஒரு அம்மாள் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு ஒயின் கோப்பைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“எடுத்துப் பாருங்க சார்.”

“நீங்களே ஒண்ணொண்ணா வெளிச்சத்துல காட்டுங்கம்மா,” என்று கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஆனால் கண் எவ்வளவு தூரம் போகும்? கையால் வெட்டிய பூவேலையின் விளிம்பு கூராக இருக்கும், அச்சில் வார்த்தது மழுங்கியிருக்கும். அதை விரல்தான் சொல்லவேண்டும். வேறு வழியில்லாமல் ஒன்றைத் தூக்கினார். அது பக்கத்துக் கோப்பையில் பட்டது. டிங். பிறகு நிற்கவே இல்லை. டிங், டிங், டிங் என்று குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல.

“ஐயோ சார், ஒங்க கை!” அம்மாள் பதறிப்போனார். “உடைச்சுடாதீங்க. அவர் போனப்புறம் இதுல ஒண்ணுகூட நான் உடைக்கல.”

கோப்பையை மேசையில் திரும்ப வைப்பதற்குள் அவருக்கு வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அப்படியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

“ஒரு கம்பளி இருந்தா கொடுங்கம்மா,” என்றார்.

தரையில் கம்பளியை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கோப்பையை மடியில் பிடித்தார். எதிரே அந்த அம்மாள், நடை பழகும் குழந்தையைப் பிடிக்க வருவதுபோல் கைகளை நீட்டியபடியே இருந்தார். அடிப்பாகத்தில் ஊதியதும் மூச்சுப் பனியில் தயாரிப்பாளரின் சின்ன வட்ட முத்திரை தெரிந்தது. வருடக்கணக்கில் மேசையில் உரசிய கீறல்கள் தாறுமாறாக ஓடின. பத்துக் கோப்பைகள் அசல்.

மீதி இரண்டில் முத்திரை இல்லை. அதை வைத்துமட்டும் தள்ளிவிட முடியாது. ரொம்பப் பழையதில் முத்திரை இருக்காது. ஆனால் இவற்றின் தண்டில் அச்சுக்கோடு விரலில் தட்டுப்பட்டது. “நீங்க சுண்டிப் பாருங்கம்மா,” என்றார். ‘டொக்’ என்று செத்த சத்தம்.

“இந்த ரெண்டும் சாதாக் கண்ணாடி. பின்னாடி யாரோ வாங்கிச் சேர்த்திருக்காங்க. அசலை மட்டும் தனியா ஏலத்துல விட்டா நல்ல விலை போகும்.”

அந்த அம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “உடைச்சுட்டு மாத்தி வெச்சிருக்காரு, திருட்டு மனுஷன்! சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடப்போறேன்?”

‘டிங்’குக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் மனைவியிடம் மறைத்துவிட்டுத்தானே வந்திருந்தார். படியிறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சோன்னு பயமா இருக்கு.”

“எந்தக் கை?” என்றாள் அக்கா.

“வலது.”

“நான் வர்றேன். டாக்டர்கிட்ட சேர்ந்தே போவோம். மொதல்ல ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா.”

அப்பாவுக்கு வந்த அதே நடுக்குவாதம்தான் என்றார் டாக்டர். மருந்தில் நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இப்போது கடையில் கோப்பையைத் தூக்கிக் காட்ட ஒரு பெண் இருக்கிறாள். மதிப்பு இன்னும் இவர் சொல்வதுதான். பயம் மட்டும் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் வலது கையைப் பார்க்கத் துணிச்சல் வராமல் போர்வைக்குள்ளேயே வைத்திருப்பார். மனைவிதான் அதை வெளியே எடுத்துத் தன் கைக்குள் பிடித்துக்கொள்வாள்.