தூதன் கொண்டுபோன விளக்கு

அழுகிய வெள்ளைப்பூண்டை ஈரத்துணியில் முடிந்து மூக்கருகே பிடித்தது போன்ற ஒரு நாற்றம். எனக்கு இராத்திரிச் சைக்கிள் சவாரியின் மணம் அதுதான். கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்டும்போது எழுவது அது. மேலே தண்ணீருக்கு ஒரு சிறு தொட்டி, கீழே கல் போட ஒரு கிண்ணம், நடுவில் ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் தண்ணீர் சொட்டும், கல் சீறும், சீறி வரும் வாயுவுக்குத் தீக்குச்சியைக் காட்டினால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளை நாக்கு நிமிர்ந்து நிற்கும். நாங்கள் அதைக் "கியாஸ் விளக்கு" என்போம்.

விளக்கு என் பெரியப்பாவுடையது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய எங்கள் ஊரில் முதன்முதலாகச் சைக்கிள் வாங்கியவர் அவர். ஓட்டத்தான் கடைசிவரை வரவில்லை. சந்தைக்குப் போகும்போது அதைக் கன்றுக்குட்டியைப் போலப் பக்கத்தில் உருட்டிக்கொண்டே நடப்பார், வரும்போதும் அப்படியே. ஆனால் சைக்கிளுக்கு எந்த விளக்கு நல்லது என்ற விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. எண்ணெய் விளக்கு ஒன்று, கியாஸ் விளக்கு ஒன்று, கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த டார்ச் லைட் ஒன்று என்று மூன்றையும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். அந்தச் சைக்கிளில் உண்மையாகவே ஏறி ஓட்டுகிற ஒரே பிராணி நான். அதிலும் பகலில் மட்டுந்தான். இருட்டினால் நான் கிணற்றடிக்குக்கூடத் துணையில்லாமல் போகமாட்டேன். என் அக்கா தங்கம்மை எனக்கு வைத்திருந்த பெயர் "பேடித்தொண்டன்". பேடி என்றால் பயம்; பயந்தாங்கொள்ளிக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது.

ஓர் ஆடி மாதத்து அந்தியில் அக்கா பசுவுக்கு வைக்கோல் உருவப் படப்புக்குப் போனாள். போனவள் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்து, "என்னவோ குத்திற்று" என்றாள். பெரியப்பா குனிந்து பார்த்தார், இரண்டு பொட்டுகள். "பூச்சி" என்றார். இருட்டியபிறகு பாம்பைப் பாம்பு என்று எங்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அக்காவின் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். அப்பா கொல்லத்துக்குப் போயிருந்தார். அக்காலத்தில் விஷக்கடிக்கு ஆஸ்பத்திரியை நினைக்கிறவர் எங்கள் ஊரில் யாருமில்லை. தோவாளையில் ஒரு விஷவைத்தியர் இருந்தார், எல்லாருக்கும் அவர் "ஆசான்". வண்டி பூட்டிப் போனால் நேரமாகும். ஆகவே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இங்கேதான் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். விஷவைத்தியர்கள் நோயாளியைப் பார்க்குமுன் தூதனைப் பார்ப்பார்கள். செய்தி கொண்டுவருகிறவன் நிற்கிற நிலை, முதலில் சொல்கிற சொல், கையில் வைத்திருக்கிற பொருள் எல்லாவற்றையும் வைத்தே, கடிபட்டவர் பிழைப்பாரா மாட்டாரா என்று தீர்மானித்துவிடுவார்கள். குறி மோசமானால் சிலர் படியைவிட்டு இறங்கவே மாட்டார்கள். ஆதலால் அக்கா உள்ளே வாசற்படியில் சாய்ந்துகிடக்க, வெளியே பெரியப்பா எனக்குத் தூதனாவதற்குப் பாடம் நடத்தினார்.

"தலையைத் தொடப்படாது. புல்லைக் கிள்ளப்படாது. தெக்கப் பாத்து நிக்காத. ஒத்தக் கால்ல நிக்கப்படாது. அவரு கேக்காம வாயத் தொறக்காத. அழாத. முக்கியமா வெளக்கு கெட்டு, அணைஞ்சுபோயி நிக்கப்படாது, கேட்டியா?"

பிறகு விளக்குத் தேர்வு. எண்ணெய் விளக்கைக் கையிலெடுத்தார். கணவாயில் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு அது ஒரு பர்லாங்கு தாங்காது என்று வைத்துவிட்டார். டார்ச் லைட்டை எடுத்தார். காற்றுக்கு அணையாதுதான், ஆனால் தீயில்லாத வெளிச்சத்தை ஆசான் தீபமாக எடுப்பாரோ மாட்டாரோ என்று அதையும் வைத்தார். அம்மா, "எதையாவது ஒண்ணக் குடுத்து விடுங்க அத்தான்" என்று கதறினாள். கடைசியில் கியாஸ் விளக்கை மாட்டினார். கல் பார்த்தார், குச்சி கிழித்தார், வெள்ளை நாக்கு எழுந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மறந்தார். அத்தனை வருஷம் அதைத் துடைத்தவர் ஒருநாளும் அதோடு ஒரு மைல் போனதில்லையே. தண்ணீர் எவ்வளவு தூரத்துக்குக் காணும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் ஏறும்போது அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. "லே பேடித்தொண்டா, பைய போ. விழுந்து வைக்காத."

ஆடி மாதத்தில் கணவாய்க்குள் மேற்கே பார்த்துச் சைக்கிள் விடுவது, ஒரு பெரிய மாட்டின் நெற்றியில் கைவைத்துத் தள்ளுவது போன்றது. நான் மிதித்தேன், காற்று என்னைத் திருப்பி அனுப்பிற்று. விளக்கின் வெள்ளை வட்டத்துக்குள் வந்த ஒவ்வொரு குச்சியும் எனக்குப் பூச்சிதான். ஓரிடத்தில் சாலைக்குக் குறுக்கே நீளமாக ஒன்று கிடக்கக் கண்டு, இரண்டு கால்களையும் தூக்கிக் கைப்பிடிக்கு மேலே வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். சைக்கிள் தானாகவே அதன்மேல் ஏறி இறங்கிற்று. வண்டிக்கயிற்றுத் துண்டு. அதற்குப் பிறகு நான் மணி அடித்துக்கொண்டே போனேன், வழியில் உள்ளதெல்லாம் விலகட்டும் என்று. பாம்புக்குக் காது கேளாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்; அந்தப் படிப்பு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

கால்வாய்ப் பாலத்தருகே வெள்ளை நாக்கு சுருங்கி, நீலமாகி, இல்லாமற் போயிற்று. தொட்டியை ஆட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. பத்தடிக்குக் கீழே கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் புல்லுக்குள் இறங்கவேண்டும், இருட்டில், வெறுங்காலோடு. அக்காவின் காலில் அந்த இரண்டு பொட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். என் கால் இறங்கமாட்டேன் என்றுவிட்டது. எங்கள் வீட்டில் "வெப்ராளம்" என்பார்கள். பதற்றம் முற்றி, மனிதன் நின்ற இடத்தில் தட்டாமாலை சுற்றுவது. நான் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்போதுதான், வீட்டைவிட்டுக் கிளம்பிய நிமிஷம் முதல் என்னை நெருக்கிக்கொண்டிருந்த வேறொரு உபத்திரவம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் என்றால் தண்ணீர்தானே. தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்தேன். இத்தனை நேரம் வந்துவிடுவேன் வந்துவிடுவேன் என்று மிரட்டியது, கூப்பிட்டதும் பயத்தில் உள்ளேயே ஒளிந்துகொண்டது. நாகரம்மனிலிருந்து சுடலைமாடன் வரைக்கும் ஒருவரையும் விடாமல் வேண்டி, இப்படி ஒரு வேண்டுதலை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள், பற்களைக் கடித்து நின்று, ஒருவழியாகத் தொட்டி நிறைந்தது. வேட்டியை மறைப்பாகப் பிடித்து, மடியிலிருந்த தீப்பெட்டியில் குச்சி கிழித்தேன். விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. நாற்றத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

ஆசான் வீட்டு முன்னால் பிச்சிப்பூத் தோட்டம். சைக்கிளிலிருந்து ஒற்றைக்கால் ஊன்றாமல் இறங்குவது எப்படி என்று பெரியப்பா சொல்லித்தரவில்லை. ஆகவே இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சைக்கிளை வேலியில் சாத்தி, நான் மண்ணில் போய் விழுந்தேன். ஆசான் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், கையை உதறிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக விளக்கையே பார்த்தார்.

"ஆருக்கு?"

"அக்காளுக்கு. படப்படியில."

"தீபம் நின்னு எரியுது" என்றார் முகம் மலர்ந்து. "இந்தக் காத்துல இப்பிடி எரிஞ்சு நான் கண்டதில்ல. ஆயுசு உண்டு. பயப்படாண்டாம், மக்கா."

குறி அவ்வளவு நன்றாக இருந்ததனால் அவர் அவசரப்படவில்லை. போய் உட்கார்ந்து மிச்சச் சோற்றை உண்டார். கிணற்றடியில் தலை முழுகினார். என் சைக்கிள் விளக்கையே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் ஒவ்வொரு பச்சிலையாக வணங்கிப் பறித்தார். கேட்காமல் வாயைத் திறக்கக்கூடாது என்பது கட்டளை. நான் தலையைத் தொடாமல், புல்லைக் கிள்ளாமல், இரண்டு காலையும் ஊன்றி, வடக்கே பார்த்து, மரப்பொம்மை போல நின்றேன். உள்ளுக்குள் மட்டும் ஊளையிட்டேன்.

திரும்பும்போது ஆசான் கேரியரில், மடியில் மருந்துப் பொட்டலத்தோடு. காற்று இப்போது முதுகில் கைவைத்துத் தள்ளிற்று. பாலம் நெருங்குகையில் விளக்கு மறுபடி மங்கிற்று.

"வெள்ளம் தீந்துபோச்சோ? இறங்கி ஒழிச்சிட்டுப் போலாம்" என்றார் ஆசான். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், ஒழிப்பது என்றால் ஊற்றுவது.

கேட்டுவிட்டார் அல்லவா, நானும் சொல்லிவிட்டேன். "வெள்ளம் வரும்பமே தீந்துபோச்சு ஆசானே. இங்க வச்சுத்தான் கெட்டுது. பெறவு நான்..." என்று, எதை ஊற்றினேன் என்பதையும் சொன்னேன்.

சிரிப்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன், நானாயிருந்தால் சிரித்திருப்பேன். அவர் கை என் தோளை எட்டிப் பிடித்தது. ஈரமாக, குளிர்ந்திருந்தது.

"இங்க கெட்டுப்போச்சா?"

"ஆமா ஆசானே."

"வெள்ளம் வேண்டாம். சவுட்டு மக்கா" என்றார். கொஞ்சதூரம் போனபின், வேறு குரலில், "வேகமா சவுட்டு."

பாதி வழி இருட்டிலேயே போனோம். பயப்பட எனக்கு நேரமில்லை. அழுகைச் சத்தம் காற்றுக்கு எதிரே வராது. எங்கள் வீட்டு வாசல் படிப்புரைக்குள் சைக்கிள் நுழைந்த பிறகுதான் அது எங்களுக்குக் கேட்டது. ஆசான் இறங்கி உள்ளே போய், அக்காவின் காலிலிருந்து சேலைக் கிழிசலை மெல்ல அவிழ்த்தார். பச்சிலைப் பொட்டலத்தை அவர் பிரிக்கவேயில்லை.

இன்று அந்தச் சாலையில் இராத்திரி முழுவதும் பஸ்ஸும் லாரியும் ஓடுகின்றன. விஷக்கடிக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது. தூதன் ஒற்றைக்காலில் நின்றாலும் போடுகிறார்கள். ஆசானின் பிள்ளைகள் பூ வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். கார்பைடு கல்லை இப்போது மாம்பழம் பழுக்கவைக்க வாங்குகிறார்கள். என் மகன் சைக்கிளில் டைனமோ மாட்டியிருக்கிறான். எண்ணெய் வேண்டாம், கல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மிதிக்கிறவரை எரியும். சைக்கிள் நின்றால் அணைந்துபோகும்.

அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போதெல்லாம் அந்த விளக்கு அணைவதைப் பார்க்கிறேன். அன்று என்னிடம் இது இருந்திருந்தால், ஆசான் வாசலில் நான் நின்ற கணமே அணைந்திருக்கும். அவர் படியைவிட்டு இறங்காமலே இருந்திருப்பார். அல்லது சோற்றை வைத்துவிட்டு எழுந்து ஓடிவந்திருப்பார். இரண்டில் எது என்று அவர் இருந்த காலத்தில் கேட்டிருக்கலாம். கேட்க எனக்குப் பேடி.