அழுக்கு பூசிய விமானம்

அழுக்கைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். வெள்ளை டி-ஷர்ட்டில் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் பீஸை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவேன். என் மனைவிக்கும் அதே வேலைதான், வேறொரு கம்பெனியில். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மேஜையில் உட்கார்ந்து, ஒரு சாண் நீள பிளாஸ்டிக் விமானத்துக்கு மெனக்கெட்டு அழுக்குப் பூசிக்கொண்டிருந்தேன்.

விமானம் என் மாமனாருக்காக. அவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றபின் சோமனூரில் குடும்பத்துத் தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். முருகனைக் கும்பிடும் நெசவுக் குடும்பத்துப் பெண், தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த வேதக்காரனை, கிறிஸ்தவனான என்னை, கட்டிக்கொண்டது அவருக்குப் பொறுக்கவில்லை. மகளோடு ஃபோனில் பேசுவதோடு சரி. ஆறு வருடமாக எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.

மாடல் விமானங்கள் செய்வது என் பொழுதுபோக்கு. மனைவியின் ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. பயிற்சி விமானம் ஒன்றின் பக்கத்தில் இளைஞராக மாமனார் நிற்பார். வாலுக்கு முன்னால் நான்கு இலக்க எண். அதே விமானத்தைச் செய்தால் என்ன என்று தோன்றியது. மனைவி இதை ஃபோனில் அவரிடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழம வர்றேன் கண்ணு. நின்னு பாத்துட்டுப் போயர்றேன், அவ்வளவுதான்" என்றாராம்.

அந்த 'அவ்வளவுதான்' வாரம் முழுக்க என் காதிலேயே இருந்தது. விமானம் சரியில்லை என்றால் அவர் இனி வரப்போவதில்லை. அதற்கப்புறம் அவரைக் கூப்பிட என்னிடம் வேறு காரணம் கிடையாது.

மாடல் பெட்டியில் வந்த டெக்கால்களில், அதாவது ஒட்டும் அச்சுகளில், வெளிநாட்டு எண்கள்தான் இருந்தன. தெரிந்த பிரிண்டிங் யூனிட்டில் கெஞ்சிக் கூத்தாடி, படத்திலிருந்த எண்ணை டெக்கால் தாளில் மூன்று செட் அச்சடித்து வாங்கினேன். முதல் செட்டைச் சனிக்கிழமை நானே கெடுத்தேன். டெக்காலைத் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து மெதுவாக வழுக்கி எடுத்து வைக்க வேண்டும். பனியனில் லேபிள் ஒட்டிப் பழகிய கைக்கு அது நம்பிக்கை தராது. கழுத்து லேபிளை நாங்கள் சூடு வைத்து அழுத்தித்தான் ஒட்டுவோம். அதே நினைப்பில் எண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி, போதாக்குறைக்கு ஹேர் டிரையரையும் காட்டினேன். எண் வடாம் மாதிரி சுருண்டுகொண்டது. கோபத்தில் டிரையரை வீசினேன். பாவம், அது என்ன செய்யும்.

ஞாயிறு காலையில் ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டாவது செட்டை எடுத்தேன். மூன்றாவதை மேஜை டிராயரில் பத்திரமாக வைத்தேன். வியர்வை எண்ணின்மேல் சொட்டிவிடுமோ என்று பயந்து, தூரிகை நுனியால் ஒவ்வொரு இலக்கமாக நகர்த்தி நேராக்கினேன். இந்த முறை படிந்தது. எண் அழியாமலிருக்க அதன்மேல் வார்னிஷ் அடிக்க வேண்டும், ஆனால் அடித்துக் காயவைக்க நேரமில்லை. நேராக அழுக்குக்குப் போனேன். எஞ்சினிலிருந்து அடிவயிறு வரை எண்ணெய் வழிந்த கோடுகள், புகைக்குழாய்க்குப் பின்னால் கரி. உழைத்த விமானம் அப்படித்தான் இருக்கும் என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இது ஆயில் ஸ்டெயினு. எங்க டேபிளுக்கு வந்தா அப்பவே ரிஜெக்டு."

"ஒனக்கு இதெல்லாம் தெரியாது, போ" என்று எரிந்து விழுந்தேன்.

பதினோரு மணிக்கு மாமனார் வந்தார். "வாங்க மாமா" என்றேன். சுவரைப் பார்த்துத் தலையசைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜைமேல் குனிந்தார். உதடுகள் அசைந்தன.

"நெம்பரு சரிதான்."

எனக்கு மூச்சு வந்தது. அவர் விமானத்தை மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பினார். முகம் மாறிவிட்டது.

"இத யாருங்க இப்படி வுட்டது?"

"நாந்தான் மாமா. பறந்துட்டு வந்த மாதிரி தெரியணும்லா, அதான்."

"பறந்துட்டு வந்தா தொடைக்கோணுமல்லங்க. அதுக்குத்தான எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. என்ற கையில இருந்த வரைக்கும் இந்த நெம்பரு ஒரு நாளும் இந்தக் கோலத்துல நின்னதில்லீங்க."

என் முகம் சுண்டிப்போனது. அவர் வாழ்நாளெல்லாம் துடைத்ததை நான் வேலைமெனக்கெட்டுப் பூசி, அவர் முன்னாலேயே கொண்டு வைத்திருக்கிறேன். தப்பு செய்தவனுக்கு முதலில் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. விமானத்தை வாங்கி உள்ளே வைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"துணி இருக்குதுங்களா?" என்றார்.

மனைவி ஒரு பிடி பனியன் வேஸ்ட்டும் தின்னர் பாட்டிலும் கொண்டுவந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். ஒரே திசையில், சீராக, மூக்கிலிருந்து வாலை நோக்கி. என் நாலு மணி நேர வேலை துணியில் கறுப்பாக இறங்கியது. துணி எண்ணை நெருங்கியது. அதன்மேல் வார்னிஷ் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நிறுத்துங்கள் என்றால் துணியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். துணி எண்ணின்மேல் போனது. எடுத்தபோது கடைசி இலக்கம் விமானத்தில் இல்லை.

அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெம்பர அழிச்சுப்போட்டனுங்க மாப்பிள்ளை" என்றார். "என்ற தப்பு."

"இல்ல மாமா, வார்னிஷ் அடிக்காம விட்டது நாந்தான். நீங்க தொடைக்கும்போதே சொல்லியிருக்கணும்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "இன்னொண்ணு இருக்குதுங்களா?"

இருக்கிறது, இதோ இந்த டிராயரில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். டிராயர் பாதி திறந்தே கிடந்தது. அதற்குள் மனைவி மேஜைப் பக்கம் வந்து எனக்கும் அதற்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"இல்லீங்கப்பா. பிரிண்டிங்ல சொல்லித்தான் வாங்கோணும். ஒரு வாரமாயிரும்."

அவர் விமானத்தை இரண்டு கையாலும் பிடித்து மேஜையில் வைத்தார்.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன் கண்ணு. நெம்பர நானே வெக்கறேன்."

"சரிங்கப்பா" என்றவள், டிராயரை முழங்காலால் தள்ளி மூடிவிட்டு, அவருக்குச் சோறு போட உள்ளே போனாள்.