ஒன்பது தீவுக்கு வாத்துக்காலோடு போன கதை

எஸ்டேட் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான். பயணம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மலேசியாவின் ஈப்போ நகர நீச்சல் குளத்தில் பெண்கள் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நாளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1984, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு ஈப்போவிலிருந்து பஸ். கடற்கரை ஊரான லுமுட் வரை எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பக்கத்து இருக்கையில் அந்தோணி சார். பள்ளி ஆசிரியர், எங்கள் குளத்தில் ஆழ்கடல் முக்குளிப்புச் சொல்லித்தருகிறவர். மாலையில் குளம் மூடிய பிறகு நடக்கும் வகுப்பில் என்னையும் சேர்த்துக்கொண்டார். குளத்தில் எல்லாம் தேறிவிட்டேன். கடலில் ஒரு சோதனை தேறினால்தான் முக்குளிப்புச் சான்று அட்டை கிடைக்கும்.

முதல் சோதனை பங்கோர் தீவில் நடந்தது. நடுக்கடலில் என் வலது காலின் ஃபின் கழன்று நீரோட்டத்தில் போய்விட்டது. எல்லாரும் பார்க்க என்னைப் படகில் தூக்கிப் போட்டார்கள். ஃபின் என்பது காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு. எங்கள் பக்கத்தில் வாத்துக்கால் என்றால் எல்லாருக்கும் புரியும்.

பூசிங் ஊரைத் தாண்டும்போது சார் சொன்னார்: "அக்கா, படகுல எட்டு பேருக்குத்தான் எடம். வெளிய பத்து பேரு காத்திருக்காங்க. இன்னிக்கும் கழண்டுச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நான் தலையாட்டினேன். போத்தாவில் ஆற்றுப் பாலம் வந்தபோது விடிந்திருந்தது. சித்தியவானில் பாதிப் பேர் இறங்கினார்கள்.

எட்டு மணிக்கு லுமுட். படகுத்துறைக்கு எதிரே வலை, கயிறு, தூண்டில் விற்கும் பாய் கடை. புது ஜோடி வாங்க, மிச்சமிருந்த ஒற்றை ஃபினை எடுத்து முன்னால் வைத்தேன். பாய் அதற்குள் கையை விட்டு, முனையிலிருந்து ஒரு துணி உருண்டையை இழுத்தார்.

"என்னக்கா இது, தலகாணியா?"

எஸ்டேட்டில் காலில் போடும் சப்பாத்து எப்போதும் இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். முனையில் துணி அடைத்தால் இரண்டு வருடம் ஓடும். ஈப்போ கடையில் போட்டுப் பார்க்க வெட்கப்பட்டு, அதே கணக்கில் ஒன்பதாம் நம்பர் வாங்கி வந்திருந்தேன். மெதுவாகச் சொன்னேன்.

"அக்காவுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்குமா? இனிமே காலு எங்க வளரப்போவுது லா!"

சார் வாயைப் பொத்திக்கொண்டார். பாய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். "காஞ்ச கால்ல போட்டு வாங்கக் கூடாது. நனைஞ்சா எல்லாம் லூசாயிடும். நனைச்சுப் போடுங்க, கால ஒதறுங்க."

கடைவாசலில் நாலைந்து மீனவர்கள் நின்றிருந்தார்கள். முதலில் எட்டாம் நம்பரை மாட்டி நான் லேசாக அசைத்தேன்.

"அது ஒதறுறதா? அட்டை கடிச்சா எப்படி ஒதறுவீங்க?" என்றார் பாய்.

கால் முழுக்க அட்டை ஏறியதாக நினைத்து உதறினேன். எட்டாம் நம்பர் பறந்து போய் வலைக்குவியலில் விழுந்தது. மீனவர்கள் கைதட்டினார்கள். ஆறாம் நம்பரில் விரல்கள் மடங்கின. ஏழு அசையவில்லை, குதிகால் தூக்கவில்லை, விரல்கள் நேராக இருந்தன.

ஏழில் இரண்டு வகை இருந்தன. பாய் நீளமான நீல ஜோடியை நீட்டினார். "இப்ப எல்லாரும் இதான் வாங்குறாங்க. ஜெட்டு மாதிரி போவும்."

தரையில் ஊன்றி வளைத்தேன். வளையவில்லை. அடுத்து, தூசி படிந்த குட்டையான கறுப்பு ஜோடி. கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில் பன்னிரண்டு வருடம் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவள் நான். மடித்தேன், முகர்ந்தேன், விட்டேன். சொன்னபடி திரும்பி வந்தது. மடிப்பில் வெள்ளைக் கோடு இல்லை. நல்ல ரப்பர்.

"இது போதும் பாய்."

"நீளமா இருந்தாதானேக்கா வேகம்?" என்றார் சார்.

"வேகம் வேணாம் சார். என் காலால வளைக்க முடியணும். வளையாட்டி கெண்டக்கால் பிடிச்சுக்கும்."

பாய் கறுப்பை வாங்கி, தாமே ஒருமுறை மடித்துப் பார்த்தார். "பரவால்ல லா," என்று காகிதத்தில் சுற்றினார். விலை இருபத்தெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட்.

ஒன்பதரைக்குப் படகு கிளம்பியது. ஒன்பது தீவுகள் கூட்டமாக இருக்கும் இடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். என்னோடு முக்குளிப்புப் பழகும் சேகர், பேங்கில் வேலை செய்பவன், என் பையைப் பார்த்தான்.

"அக்கா, இன்னிக்கு வாத்து ஒத்தக் காலோட வருமா, ரெண்டு காலோடயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் வைத்திருந்தது அதே நீளமான நீல ஜோடி.

பதினொன்றரைக்குத் தண்ணீரில் இறங்கினோம். படகிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ஒரு பாறை. நீரோட்டத்துக்கு எதிராக அதுவரை நீந்தி, அங்கே பத்து மீட்டர் இறங்கி, மேலும் கீழும் போகாமல் நின்று, ஏற வேண்டும். முதல் நூறு மீட்டர் எல்லாரும் என்னைத் தாண்டினார்கள். நான் இடுப்பிலிருந்து மெதுவாக உதைத்தேன். ஒவ்வொரு உதைக்கும் ரப்பர் வளைந்து, திரும்பித் தள்ளியது. கால் என்னுடையது, தள்ளுவது வேறு யாரோ என்பது போல.

பாதி தாண்டியபோது சேகர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வழியில் போட்டிருந்த மிதவையில் தொங்கினான். "அக்கா, ஒரு கயிறு கட்டி என்னையும் இழுத்துட்டுப் போங்க லா!"

பாறையைத் தொட்டேன். சார் கட்டை விரலைக் கீழே காட்டினார். இறங்கினோம். பச்சைத் தண்ணீர், மஞ்சள் கோடு போட்ட மீன்கள் என் முகத்துக்கு நேரே வந்து நின்றன. சாரின் ஆழமானி பத்து மீட்டர் காட்டியது. ஃபின் நுனியை மட்டும் அசைத்து அப்படியே நின்றேன். குனிந்து பார்த்தேன். இரண்டும் காலில் இருந்தன. சார் விரல்களை வளைத்து வட்டம் காட்டினார்: தேறிவிட்டீர்கள்.

மேலே வந்ததும் வாய்க்குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. தீவிலிருந்து எதிரொலி வந்தது என்று சேகர் பிறகு சொன்னான்.

மாலையில் படகு திரும்பியபோது தீவுகள் சிறுத்துக்கொண்டே போயின. எங்கள் குளத்தின் தரையில் நீலக் கோடு உண்டு; எங்கே முடியும் என்று பார்த்தாலே தெரியும். இங்கே கீழே ஒரு கோடும் இல்லை. எனக்குப் பயமும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழு மணிக்குப் பெண்கள் அறையைத் திறந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது; மழை பெய்ததால் பத்து மணி வரை ஒருவரும் வரவில்லை.